கியர் விழ மறுக்கிறதா?

காலை ஒன்பது மணிக்கு, நகரத்தில் எந்த நாற்சந்தியில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். சிவப்பு விளக்கு விழுந்ததும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் ஒருவராவது இடது காலால் ஒரு விசித்திர நடனம் ஆடிக்கொண்டிருப்பார். முன்னால் ஒரு மிதி, பின்னால் ஒரு மிதி, மறுபடியும் முன்னால். குனிந்து மீட்டரைப் பார்ப்பார். பச்சை நிறத்தில் எரிய வேண்டிய நியூட்ரல் விளக்கு எரியாது. மீண்டும் தாளம். ஒரு வழியாக விளக்கு எரியும். அதே விநாடியில் சிக்னலிலும் பச்சை விளக்கு எரிந்து தொலைக்கும்! பின்னால் நிற்கும் பஸ் டிரைவர் ஹாரனை அலறவிட, நம் ஆசாமி அவசரமாக முதல் கியரைப் போடுவார். 'கடக்!'

"என்ன உடைந்தது?" என்பாள் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி.

"ஒன்றும் உடையவில்லை. இந்த வண்டியே இப்படித்தான்" என்பார் அவர்.

இந்தப் பதிலில் பாதி நிஜம். மற்றப் பாதியைக் கவனிக்காமல் விட்டால் பர்ஸுக்கு ஆபத்து. சில சமயம் ஆளுக்கே ஆபத்து.

முதலில் நிஜமான பாதியைப் பார்த்துவிடுவோம். கியரை மாற்றும்போது பற்சக்கரம் ஒன்று விலகி, வேறொன்று வந்து பல்லோடு பல் கோத்துக்கொள்கிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அப்படி நடப்பதில்லை. கியர் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடிகள் எல்லாமே எப்போதும் கோத்தபடிதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தன் தண்டின்மேல் சும்மா வழுக்கிச் சுற்றும். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத குமாஸ்தா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வேலைக்கு இழுப்பது பக்கத்திலுள்ள சக்கரம். அதன் பக்கவாட்டில் தடித்த முட்டுக்கள் மூன்று நான்கு துருத்திக்கொண்டிருக்கும். நாம் லீவரை மிதித்ததும் உள்ளே ஒரு கவட்டை போன்ற ஃபோர்க் அந்தச் சக்கரத்தை நகர்த்துகிறது. முட்டுக்கள் போய், அடுத்த சக்கரத்திலுள்ள பள்ளத்தில் விழுகின்றன. கியர் 'விழுந்தது' என்று நாம் சொல்வது எவ்வளவு பொருத்தமான வார்த்தை பாருங்கள்! வெள்ளைக்காரர்கள் இந்த முட்டுக்கு 'டாக்', அதாவது நாய், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கவ்வினால் விடாது என்பதால்தான் அந்தப் பெயர் என்பது என் ஊகம்.

வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. ஒரு தண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்சக்கரத்தோடு பிணைந்த மற்றத் தண்டு அசையாமல் நிற்கிறது. சுற்றுகிற முட்டு, நிற்கிற பள்ளத்தில் போய் விழுந்தால் சப்தம் வராமல் என்ன செய்யும்? மோட்டார் காரில் இந்தத் தொல்லை இல்லை. 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 'ஸிங்க்ரோமெஷ்' என்ற அமைப்பு வந்தது. இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் உராய்வினால் சமமாக்கிவிட்டுப் பிறகு கோக்கும் ஏற்பாடு அது. மோட்டார் சைக்கிளின் சின்னப் பெட்டிக்குள் அதற்கெல்லாம் இடமும் இல்லை. அந்தப் பாரத்தைச் சுமக்க மனசும் இல்லை. ஆகையால் நியூட்ரலிலிருந்து முதல் கியருக்குப் போகும்போது வரும் ஒற்றைக் 'கடக்' வியாதியல்ல, பிறவிக் குணம்.

வியாதி எது என்கிறீர்களா? 'கறகற' என்று அரைக்கிற சப்தம் வியாதி. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் விழும் என்பது வியாதி. விழுந்த கியர், ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் தானாகவே வெளியே துள்ளுகிறதே, அது பெரிய வியாதி. நேற்றுவரை மிருதுவாக விழுந்த கியர் இன்று முரண்டு பிடிக்கிறதென்றால், சப்தம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விசாரித்தே ஆகவேண்டும்.

விசாரணைக்குப் பெரிய ஆயுதம் ஒன்றும் வேண்டாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே, லீவரை ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்குங்கள். (சக்கரத்தை உருட்டாமல் மிதித்தால், முட்டும் முட்டும் முகத்தோடு முகம் இடித்துக்கொண்டு நிற்கும், நல்ல வண்டிகூட விழ மறுக்கும்.) எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர்கள் வெண்ணெய்போல விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கியர் பெட்டியின்மேல் பழி போடாதீர்கள். குற்றவாளி அநேகமாகக் கிளட்ச். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் கல்லாக இருந்தால்தான் லீவரையும், பிறகு பெட்டியின் உள்ளேயும் சந்தேகிக்க வேண்டும்.

கிளட்சை எப்படிக் கையும் களவுமாகப் பிடிப்பது? அதே நடு ஸ்டாண்டு. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிவிட்டு, கிளட்சை முழுவதும் பிடித்துக்கொண்டு முதல் கியரைப் போடுங்கள். பின்சக்கரம் மெதுவாகச் சுற்றும்; அது சகஜம்தான். இப்போது பின்பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சக்கரம் சாதுவாக நின்றுவிட்டால் கிளட்ச் நிரபராதி. நிற்காமல் எஞ்சினே திணறினாலோ, அணைந்துபோனாலோ, கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று அர்த்தம். இந்தப் பரீட்சை நடக்கும்போது குழந்தைகளையும், புடவைத் தலைப்பையும், வேஷ்டி நுனியையும் பின்சக்கரத்தின் பக்கம் அண்டவிடக் கூடாது.

கிளட்ச் என்பது தட்டுத் தட்டாக அடுக்கிய ஒரு டப்பா. பிடித்தால் தட்டுக்கள் பிரியவேண்டும், விட்டால் ஒட்டவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இந்தத் தட்டுக்கள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஆறிய எண்ணெய் தடித்து, இட்லித் தட்டில் மாவு ஒட்டியதுபோல் தட்டுக்களை ஒட்டவைத்துவிடும். அதனால்தான் மார்கழிக் காலையில் முதல் கியருக்கு அவ்வளவு பெரிய 'கடக்'. பழைய ஆசாமிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வண்டியைக் கிளப்புவதற்கு முன், கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கிக்கரை உதைப்பார்கள். தட்டுக்கள் பிரிந்துவிடும். இன்று பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்கிறவர்களும், கிளட்சைப் பிடித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துக் கியரைப் போட்டால், பாதி சப்தம் குறைந்துவிடும். கிளட்சைப் பிடித்த மறுகணமே மிதிப்பதுதான் நம்மவர்களின் வழக்கம். தண்டு சுற்றி ஓய அவகாசம் கொடுக்கவேண்டாமா?

இதைவிட மிகச் சாதாரணமான காரணம் கிளட்ச் கேபிள். ஹாண்டில்பாரில் உள்ள கிளட்ச் லீவரைப் பிடித்துப் பாருங்கள். கேபிள் இறுகுவதற்கு முன்னால், லீவரின் நுனி சும்மா 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை ஆடவேண்டும். அநேக வண்டிகளுக்கு இது பொருந்தும். உங்கள் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் சரியான அளவு இருக்கும். (அந்தப் புத்தகத்தை யாராவது படிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.) ஆட்டம் இதைவிட அதிகமாக இருந்தால், நீங்கள் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் தட்டுக்கள் முழுவதும் பிரியாது, கியர் அரைக்கும், நியூட்ரல் விழாது. ஆட்டமே இல்லாவிட்டால் அதற்கு நேர்மாறான கஷ்டம். தட்டுக்கள் முழுவதும் ஒட்டாமல் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. லீவரின் அடியில் இருக்கும் திருகாணியைக் கையாலேயே திருகிச் சரிசெய்யலாம். அங்கே இடம் போதாவிட்டால், எஞ்சின் பக்கம் இருக்கும் இன்னொரு திருகாணி உதவும்.

என் தங்கையின் பிள்ளை பழைய வண்டி ஒன்றை வாங்கினான். மூன்றாவது மாதமே நியூட்ரல் விழாமல் அழ ஆரம்பித்தது. பட்டறை ஒன்றில் காட்டினான். "கியர் பாக்ஸ் போச்சு சார், எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். ஆயிரக்கணக்கில் ஒரு தொகையும் சொன்னார்கள். என்னிடம் வந்து, "மாமா, கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டான். எங்கள் தெருமுனையில் டீக்கடைக்குப் பக்கத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அழைத்துப் போனேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டுப் பார்த்தார். சுகமாக விழுந்தது. கிளட்ச் லீவரிலிருந்து கேபிளைக் கழற்றினார். உள்ளே இழைகள் பாதி அறுந்து, துடைப்பக் குச்சிபோல் விரிந்து கிடந்தன. நாலைந்து இழைகளின் தயவில்தான் அந்தக் கிளட்ச் நடந்துகொண்டிருந்தது! புதுக் கேபிள் போட்டார்; நியூட்ரல் ஒரே தட்டில் விழுந்தது. "பெட்டியைப் பிரிச்சிருந்தாலும் கடைசியில் இதைத்தான் தம்பி மாத்தியிருப்பாங்க" என்றார். பட்டறைக்காரர்களை மொத்தமாகக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எளிய காரணத்தைப் பார்ப்பதற்கு முன் கடினமான காரணத்துக்குத் தாவும் வழக்கம் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது.

அறுந்த இழைகளோடு அவன் இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் கியரில், லாரிக்குப் பின்னால் நிற்கும்போது கேபிள் முழுவதும் அறுந்தால், வண்டி சொல்லாமல் கொள்ளாமல் முன்னால் பாயும். செலவு நூற்றுக்கணக்கில் இருந்தாலும், கேபிள் விஷயத்தில் சிக்கனம் கூடாது. உதிரிக் கேபிள் ஒன்றை வண்டியோடு வைத்திருப்பது நீண்ட தூரம் போகிறவர்களுக்கு உத்தமம்.

அடுத்தது எண்ணெய். மோட்டார் காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். இன்றைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் எஞ்சின், கிளட்ச், கியர் பெட்டி மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். மூன்று வீட்டுக்கு ஒரு சமையற்காரர்! பற்சக்கரங்கள் அந்த எண்ணெயைச் சதா நசுக்கிக்கொண்டே இருப்பதால், அதன் பிசுபிசுப்பு நாளடைவில் குறைந்துபோகிறது. எண்ணெய் மாற்றும் காலம் நெருங்கும்போது கியர் முரடாக விழுவதை, தினம் ஓட்டுகிறவர்கள் கால் விரலாலேயே உணரலாம். புது எண்ணெய் போட்ட அன்று வண்டி பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைபோல் அடக்கமாக நடந்துகொள்ளும். விலை குறைவு என்று கார் எண்ணெயை ஊற்றாதீர்கள். சில கார் எண்ணெய்களில் வழுவழுப்புக்காகச் சேர்க்கும் சரக்கு, கிளட்ச் தட்டுக்களை வழுக்கவைத்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கென்று தயாரித்த டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' என்று அச்சிட்டிருப்பார்கள். ஈரக் கிளட்சுக்குப் பொருத்தமானது என்பதற்கு அதுதான் முத்திரை.

செயினைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. செயின் தொளதொளவென்று தொங்கினால், ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் அது முதலில் தளர்ந்து, பிறகு சட்டென்று இழுபடும். அந்த அடியின் சப்தம் கியர் பெட்டியிலிருந்து வருவதுபோலவே கேட்கும். இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவில், செயினின் கீழ்ப்பக்கத்தை விரலால் மேலும் கீழும் ஆட்டினால், பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆடவேண்டும். பின்சக்கரத்தின் ஹப்புக்குள் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ரப்பர் துண்டுகள் இருக்கின்றன. அவை நசுங்கிப்போனாலும் இதே 'டக், டக்'தான்.

இனி லீவர். வண்டி ஒரு முறை இடது பக்கம் விழுந்திருந்தால், கியர் லீவர் உள்ளே வளைந்து எஞ்சின் மூடியை உரசிக்கொண்டிருக்கும். லீவரைத் தண்டோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும், பாதி மிதி வீணாகிவிடும். லீவர் உங்கள் காலுக்கு ஏற்ற உயரத்தில் இல்லாமலும் இருக்கலாம். கால் முழுவதும் எட்டாத மிதி அரை மிதிதான். ரப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டு கியரை அரைகுறையாகத் தள்ளிவிட்டு, வண்டியைக் குறை சொல்லும் வாலிபர்கள் எத்தனை பேர்! மிதித்தால் உறுதியாக மிதிக்கவேண்டும். கியர் விழுந்து முடியும்வரை காலை எடுக்கக் கூடாது. அதற்காக உதைக்கவும் கூடாது.

காலால் கியர் போடும் வழக்கமே ஆதியில் இருந்ததல்ல. பழைய மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். ஒரு கையை எடுத்து அதைத் தள்ளவேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் ஒரே ஒரு கியர் மாறி, லீவர் தன் இடத்துக்குத் திரும்பிவரும் ஏற்பாட்டை, 1920-களின் இறுதியில் இங்கிலாந்தின் வெலோசெட் கம்பெனியில் ஹரால்ட் வில்லிஸ் என்பவர் பந்தய வண்டிகளுக்காக உருவாக்கினார். இன்று நாம் மிதிப்பது அதன் வம்சம்தான்.

நம் ஊரில் கியரைப் பற்றிப் பேசிவிட்டு புல்லட்டை விட முடியுமா? 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனி, சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அந்தப் புல்லட்டின் நான்கு கியர் பெட்டி, எஞ்சினுக்குப் பின்னால் தனியாக இருக்கும். கியர் வலது காலில். பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்கவேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்கவேண்டும். நியூட்ரல் தேடும் அவஸ்தை அப்போதே இருந்தது போலும். அதற்கென்றே குதிகாலுக்கு ஒரு குட்டி லீவர் வைத்திருந்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு எந்தக் கியரில் இருந்தாலும், கிளட்சைப் பிடித்து அதை ஒரு அழுத்து அழுத்தினால் நேரே நியூட்ரல்! எழுபது வருஷத்து முன்னேற்றத்தில் இந்த ஒரு சௌகரியத்தை மட்டும் ஏன் தொலைத்தோம் என்று எனக்குப் புரிவதில்லை.

1961-ல் மைசூரிலிருந்து ஜாவா வந்தது. அதில் கியர் இடது பக்கம். அதிசயம் என்னவென்றால், கியர் லீவரும் கிக்கரும் ஒரே தண்டம். எஞ்சினைக் கிளப்பியபின், அதே லீவரை மடக்கிக் கியர் போடலாம். கியர் லீவரை மிதிக்கும்போதே அது கிளட்சையும் தானே விடுவித்துவிடும். கையால் பிடிக்காமலே கியர் மாற்றலாம். அந்த இணைப்பின் அளவு கொஞ்சம் தவறினாலும், ஜாவா கோபித்துக்கொண்டு 'கறகற' என்று பல்லைக் கடிக்கும்.

புல்லட் ஓட்டிய மனுஷர் ஜாவாவில் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். ஜாவாக்காரர் புல்லட்டில் ஏறினால் கியர் என்று நினைத்துப் பிரேக்கை மிதிப்பார். உலகம் முழுவதும் இந்தக் குழப்பம் இருந்தது. 1970-களின் நடுவில் அமெரிக்கா, கியர் இடது காலில்தான் இருக்கவேண்டும் என்று விதி செய்தது. மற்ற நாட்டுத் தயாரிப்பாளர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். நம் புல்லட் மட்டும் 2000 பிறந்த பிறகுதான் மெள்ள மெள்ளக் கால் மாறியது.

கிளட்ச், கேபிள், எண்ணெய், செயின், லீவர் எல்லாம் சரி. இன்னும் முரண்டு பிடிக்கிறது என்றால், அப்போது பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். கிளட்ச் டப்பாவின் விரல்களில், தட்டுக்களின் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். தட்டு அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். ஃபோர்க் வளைந்திருந்தால், குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் சரியாக விழாது. மிதித்த லீவர் திரும்பி வரவில்லையென்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கும். முட்டுக்களின் விளிம்பு தேய்ந்து உருண்டையாகிவிட்டால், பாரம் ஏறியதும் கியர் வெளியே துள்ளும். கிளட்சைப் பிடிக்காமலும், ஆக்ஸிலேட்டரைக் குறைக்காமலும் வருஷக்கணக்கில் மிதித்ததற்கு முட்டுக்கள் அனுப்பும் பில் அது.

கியர் துள்ளுவதை, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று யாரும் தள்ளிப்போடவேண்டாம். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வரும். பிரேக்குக்குப் பாதி வேலைதான். அந்த நேரத்தில் கியர் நழுவி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எங்கேயோ பொய் நியூட்ரலில் நின்றால்? எஞ்சின் சட்டென்று மௌனமாகும். வண்டி மட்டும் வேகம் எடுக்கும். அப்படி நேர்ந்தால் பதறாமல் இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கிளட்சைப் பிடித்து ஒரு கியரை உறுதியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வேகம் குறைவதற்கு முன் கீழ்க் கியரை மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது, "கியர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியரில், ஏறும்போதா இறங்கும்போதா, எஞ்சின் ஆறியிருக்கும்போதா சூடாக இருக்கும்போதா, எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். கேபிளையும் எண்ணெயையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதையும் மீறிப் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், கழற்றிப்போடும் பழைய சாமான்களைக் காகிதத்தில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த முட்டு எப்படி இருக்கும் என்று நீங்களும் கண்ணால் பார்க்கலாம், வீட்டில் பணம் கேட்டபோது, "அப்படி என்ன உடைந்தது?" என்று கேட்டவர்களுக்கும் காட்டலாம்.